கேமரன் மலை: வரைபடம், இருப்பிடத் தரவு, சட்டம்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலையின் எழுதப்பட்ட வரலாறே வரைபடப் பிழை ஒன்றில்தான் தொடங்குகிறது. அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். ஆனால் அது இருக்கும் இடத்தைப் படத்தில் சரியாகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே இறந்தும் போனார். 1925-இல் காலனிய அரசின் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் வேலை நகர்ந்தது. அங்கேயே காலங்காலமாக வாழ்ந்த செமாய் பழங்குடிகளுக்கு அந்த இடம் ஒருநாளும் தொலைந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் பெரும்பங்கு.

இன்று தோட்டத்தின் ஒவ்வொரு வளைவும் கைப்பேசியில் தெரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் கைப்பேசி காட்டும் கோடுகளுக்கு மதிப்பில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 396-ஆம் பிரிவின்படி, எல்லைகள் நேர்கோடுகளால் தீர்மானிக்கப்பட்டு, எல்லைக்கல் நடப்பட்டு, அளவைப் படம் ஒப்புதல் பெற்றால்தான் நிலம் அளக்கப்பட்டதாகும். இது வெறும் சம்பிரதாயமல்ல. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். மரமும் சரிவும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இன்னும் அதிகம் பிசகும். ஐந்து மீட்டர் தள்ளினாலே மூன்று, நான்கு நிரைத் தேயிலை பக்கத்து நிலத்துக்குப் போய்விடும்.

கல்லும் படமும் இல்லாதவர்களின் நிலை தனி. காய்கறியும் பூவும் பயிரிட்ட விவசாயிகள் பலர் நெடுங்காலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமத்தை நம்பியே இருந்தார்கள். அந்த உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும். பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமதாரர் இறந்தால் அதுவும் முடிந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளோ முழுத் தோட்டத்தின் பட்டாவுக்குள் அடங்கிவிடும். மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டுக்குத் தனி எல்லை என்று ஒன்று கிடையாது.

வரைபடம் வரையும் உரிமையும் பொதுவானதல்ல. தீபகற்ப மலேசியாவில் பட்டா அளவை செய்ய 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற அளவையாளர் வேண்டும். ஜூபெம் என்று வழங்கும் நில அளவை, வரைபடத் துறையின் பல நிலக்கிடப்புப் படங்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைக்கப்பட்டவை. வாங்க அனுமதி தேவை. இந்தக் கட்டுப்பாடு எதுவரை போகும் என்பதற்கு சரவாக் மாநிலமே சாட்சி. ரூமா நோர் என்னும் நீள்வீட்டின் இபான் மக்கள் தாங்களே வரைந்த படத்தை, ஒரு காகிதக்கூழ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் உயர்நீதிமன்றம் 2001-இல் சான்றாக ஏற்றது. அதே ஆண்டில் மாநில அரசு நில அளவையாளர் சட்டம் கொண்டுவந்து, உரிமமின்றி இத்தகைய படம் வரைவதைக் குற்றமாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் சான்று போதாதென்று தீர்ப்பை மாற்றினாலும், வழக்காற்று நில உரிமை என்ற கொள்கையை மறுக்கவில்லை. மாறாக இந்தியா 2021 பிப்ரவரியில் வரைபடத் தயாரிப்புக்கான முன் அனுமதிகளைப் பெருமளவு நீக்கியது.

நிலத்தின் எல்லை போக, கைப்பேசி திரட்டும் ஆட்களின் நடமாட்டத் தரவுக்கு மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வணிக நடவடிக்கைகளுக்கே அது பொருந்தும். கூட்டரசும் மாநில அரசுகளும் அதற்குள் வருவதில்லை. 2024 திருத்தம் அபராதத்தின் உச்சத்தை மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியது. தரவு கசிந்தால் அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. உடல் அடையாளத் தரவை உணர்திறன் மிக்க தரவின் பட்டியலில் சேர்த்தது. இருப்பிடம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை, அரசுக்கான விலக்கும் அப்படியே நீடிக்கிறது.