முரட்டுத் தாடியும் ஒரு கிண்ணித் தண்ணீரும்

கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருவொன்றில் நாம் பல ஆண்டுகளாகப் போய்வரும் முடிதிருத்தும் நிலையம் இருக்கிறது. இரண்டே நாற்காலிகள். கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் முன்பெல்லாம் ஒரு சோப்புக் கிண்ணி, ஒரு பிரஷ், ஒரு படிகாரக் கல், ஒரு பவுடர் டப்பா, அவ்வளவுதான் இருக்கும். இப்போது அந்தப் பலகையில் இடமே இல்லை. தாடிக்கென்றே எண்ணெய், தாடிக்கென்றே களிம்பு, தாடிக்கென்றே ஷாம்பு என்று குப்பிகள் அணிவகுத்து நிற்கின்றன. மொராக்கோ நாட்டு ஆர்கன் எண்ணெய் கொட்டிவாக்கம் குப்பம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற மாதம் நமக்கு முன்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், தம் தாடி தேங்காய் நார் போல் இருக்கிறதென்றும் எந்தக் குப்பி வாங்கினால் மிருதுவாகும் என்றும் கேட்டார். கடைக்காரப் பெரியவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "முதல்ல தண்ணி காட்டணும் தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அவர் முகத்தில் போர்த்திவிட்டு நம் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைக் கேட்டிருக்கிறோம், கடன்காரனுக்குத் தண்ணீர் காட்டுவதையும் கேட்டிருக்கிறோம். தாடிக்குத் தண்ணீர் காட்டுவதை அன்றுதான் கேட்டோம். அந்தச் சொல் நம்மை வெகு தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பெரியவர் சொன்னதில் விஞ்ஞானப் பிழை ஏதும் இல்லை. முடி என்பது கெராட்டின் என்னும் புரதம். தாடி மயிர் தலைமயிரைவிடத் தடித்தது, வட்டமாக இல்லாமல் கோணலான குறுக்குவெட்டு உடையது. அதனால்தான் சுருண்டு முரண்டு பிடிக்கிறது. புரத இழைகளைப் பிணைத்து நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்திவிடும். நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உடனே அல்ல, சில நிமிடங்களாவது பொறுத்திருக்க வேண்டும். எண்ணெய்களின் வேலை பெரும்பாலும் அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் மேலே பூச்சாக நிற்பதுதான். தேங்காயெண்ணெய் மட்டும் மயிரிழையின் உள்ளேயும் புகுகிறதென்று 2003ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு கூறியது. நம் பாட்டிமார் ஆய்வுக்குக் காத்திராமலேயே அந்த எண்ணெயைத் தேர்ந்துகொண்டுவிட்டார்கள்.

காய்ந்த தாடியின் முரட்டுத்தனத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். சவர அலகின் எஃகு மயிரைவிட ஐம்பது மடங்கு கடினமானது. இருந்தும் அலகு மழுங்கிப் போகிறதே, ஏன்? 2020ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகின் விளிம்பில் சீரற்ற இடமொன்று அமைந்து, மயிரும் சாய்வாக வந்து மோதினால் அங்கே சில்லு தெறிக்கிறதாம். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள கை, மயிர் படிந்திருக்கும் திசையை விரலால் தடவிப் பார்த்த பிறகே கத்தியை வைப்பதன் காரணம் இதனால் விளங்குகிறது.

எங்கள் தாத்தாக்கள் காலத்தில் சோப்பு நுரைக்கெல்லாம் வழியில்லை. நாவிதர் அடைப்பத்தோடு வருவார். அடைப்பம் என்றால் வெற்றிலைப் பை என்றே நம்மில் பலர் பொருள் கொள்வோம். நாவிதரின் கருவிப் பைக்கும் அதுவே பெயர். கத்தி, சாணைக்கல், தோல்வார், நகம் எடுக்கும் கருவி, சிறு கண்ணாடி, ஒரு பித்தளைக் கிண்ணி எல்லாம் அதனுள் இருக்கும். வேப்ப மரத்தடியிலோ கொல்லைப்புறத்திலோ இருவரும் எதிரெதிரே குந்தி அமர்வார்கள். கிண்ணித் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்துத் தாடையைத் தேய்ப்பார். ஊர்க்கதை முழுவதும் அந்தத் தேய்ப்பின்போதுதான் நடக்கும். நாவிதர் வாயாடி என்று ஒரு பேச்சு நாட்டில் உண்டு. நமக்கென்னவோ, மயிர் ஊறுவதற்கு வேண்டிய நிமிடங்களைக் கடத்துவதற்கே அந்தப் பேச்சு பிறந்தது என்று தோன்றுகிறது. சவரம் முடிந்தபின் படிகாரம். ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். வாரம் இருமுறை எண்ணெயும் சீயக்காயும் கண்ட தாடிக்குத் தனிக் குப்பி தேவைப்பட்டிருக்காது.

இந்தத் தொழிலின் பழமைக்குச் சான்று தேடினால், அது எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு பெண்ணின் காதில் கிடைக்கிறது. பொருநராற்றுப்படையில் பாடினியின் உறுப்பழகைச் சொல்லிவரும் புலவர், அவள் காதை மயிர் குறைக்கும் கருவியின் வளைந்த கைப்பிடிக்கு ஒப்பிடுகிறார். கத்தரிக்கோலின் வளையம்தான். கேட்பவர் கண்ணில் அந்தக் கருவி பழகியிருந்தாலன்றி இந்த உவமை எடுபடாது. கரிகாலன் அவையில் பாட்டுக் கேட்டவர்களும் தாடி திருத்திக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

வள்ளுவரோ இதில் சற்றுக் கறார். கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (280), உலகம் பழிப்பதை ஒழித்துவிட்டால் தலையை மழிப்பதும் சடையை வளர்ப்பதும் வேண்டியதில்லை என்று இரு தரப்பாரையும் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார். கொட்டிவாக்கத்திலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கே பெரும்பாறைச் சிற்பத்தில் விலா எலும்பு தெரிய, தாடியோடு ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும், அவரைப் பார்த்துப் பின்னங்கால்களில் நின்று 'தவம்' செய்யும் பூனையையும் காணலாம். பல்லவச் சிற்பி அந்த அதிகாரத்தைப் படித்திருந்தானோ இல்லையோ, பொருள் தெரிந்தவன். பூனைக்கும் மீசை உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்கவும்.

சோழர் காலத்துக்கு வந்தால் தொழிலாளர் பெயர்ப்பட்டியலே கிடைக்கிறது. தஞ்சை இராஜராஜேச்சுரத்துக் கல்வெட்டில், தளிச்சேரிப் பெண்டுகளோடும் இசைவாணரோடும் ஈரங்கொல்லி, தையல்காரர், தச்சர் ஆகியோரோடும் நாவிசம் செய்வாருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோயிலின் ஊழியர் வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அந்த இடம் எத்தகையது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை அவரை அழைத்த பெயர்களில் இருக்கிறது. அம்பட்டர் என்னும் சொல் இன்று வசையாகிவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் இச்சொல்லை 'அம்பஷ்ட' என்னும் வடசொல்லோடு சேர்த்து, 'அருகில் நிற்பவர்' என்று பொருள் சொல்கிறார். சவரத்துக்கும் நோய்க்கும் அருகில் நிற்பவர். வடமொழி நூல்கள் அம்பஷ்டரை மருத்துவத் தொழிலோடு இணைப்பதையும் இங்கே நினைக்கலாம். தமிழிலோ சுற்றிவளைக்க வேண்டியதே இல்லை, நேராக மருத்துவர் என்றே பெயர். அவர் மனைவி மருத்துவச்சி. ஊரின் பிள்ளைப்பேறுகள் அவள் கையில். தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்களா என்ற பெயர்களோடு பிராணோபகாரி என்றும் ஒரு பெயர் நிற்கிறது. உயிருக்கு உதவுபவர். பிறப்பில் மனைவியும் சாவில் கணவனும் உடனிருந்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

கொட்டிவாக்கத்துக்கு அடுத்த ஊர் திருவான்மியூர். அங்கே குடிகொண்டிருப்பவர் மருந்தீசர். அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை உபதேசித்தவர் என்பது தலபுராணம். மருந்தை அருளியவர் கருவறையில் இருக்க, மருந்து கட்டியவரைக் கொல்லைப்புற வழியாக அழைத்த சமூகம் நம்முடையது. கட்டி கீறுவதும், அட்டை விட்டுக் கெட்ட ரத்தம் எடுப்பதும் கத்தி பிடித்தவரின் வேலையாகவே இருந்தன. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1540ல் எட்டாம் ஹென்றி நாவிதரையும் அறுவையாளரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். 1745ல் அறுவையாளர்கள் பிரிந்து போனார்கள், போன பின் சீமான்களானார்கள். நம் ஊரில் பிரிவினை வேறுவிதமாக நடந்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமும், 1926ஆம் ஆண்டின் செவிலியர், தாதியர் சட்டமும் படித்துப் பட்டம் பெற்றவரைப் பதிவேட்டில் ஏற்றின. பரம்பரையாகச் செய்தவரிடம் எஞ்சியது சவரக்கத்தி மட்டுமே. பட்டம் பெற்றவர்களுக்கும் மருத்துவர் என்ற பெயர் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைப்பேற்றில் சாகும் பெண்கள் குறைய வேண்டியிருந்தது. ஆனால் பெயரோடு மதிப்பும் கைமாறியதைக் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

இந்தப் பெயர் விளையாட்டின் உச்சம் சென்னையிலேயே நிகழ்ந்தது. கொட்டிவாக்கத்தின் மேற்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் நகருக்குள்ளும் ஓடுகிறதல்லவா? அங்கே ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் ஒரு பாலம் இருந்தது. சென்னைவாசிகளின் நாவில் ஹாமில்டன் தேய்ந்து அம்பட்டன் ஆனார். பாலம் அம்பட்டன் வாராவதி ஆயிற்று. பிறகு வந்த ஆங்கிலேயர், தமிழ்ப் பெயரின் பொருளைக் கேட்டறிந்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தம்மவர் ஒருவரைத் தாமே நாவிதராக்கிய வேடிக்கையை ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் பதிவு செய்திருக்கிறது. பின்னாளில் அந்தப் பாலத்துக்கு டாக்டர் அம்பேத்கர் பாலம் என்று பெயர் சூட்டினார்கள். ஒலி ஒற்றுமை கருதி நடந்ததா என்று நாம் ஆராயவில்லை. ஆனால் நாவிதரின் பெயர் இருந்த இடத்தில் அம்பேத்கரின் பெயர் வந்தமர்ந்ததற்கு ஒலியைவிட ஆழமான ஒரு பொருத்தம் உண்டு.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில், இன்று 15ஆவது பிரிவாக இருக்கும் ஷரத்து விவாதத்துக்கு வந்தது. கடைகளுக்குள் நுழைய யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. சென்னை மாகாணத்து உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு ஐயம் எழுப்பினார். கடை என்றால் பொருள் வாங்கும் கடை மட்டும்தானா, முடிவெட்டும் கடையும் சலவைக் கடையும் அதில் அடங்குமா? கேட்டவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். கேள்வியின் வலி அவருக்குத் தெரியும். கடை என்ற சொல்லைத் தாம் விரிந்த பொருளிலேயே ஆள்வதாகவும், சேவை அளிக்க முன்வரும் எவருடைய இடமும் அதில் அடங்கும் என்றும் அம்பேத்கர் விடையளித்தார். தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்து நிறைவேறியதும் அதே நாளில்தான்.

அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கிராமத்து நாவிதருக்குக் கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். களத்துக்கு உரியவர்கள் மேல்சாதியார். சேரியில் ஒருவர் தாடையைத் தொட்ட விரல் தங்கள் தாடையைத் தொடக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. மீறினால் நெல் இல்லை, ஊர் இல்லை. ஆகவே இழிவுபடுத்தப்பட்டவரின் கையாலேயே இன்னொருவர் இழிவுபடுத்தப்பட்டார். மயிரை மிருதுவாக்கும் அந்த ஒரு கிண்ணித் தண்ணீரை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக் கூடாது என்பதை முடிவு செய்யும் உரிமை கிண்ணியை ஏந்தியவரிடம் இருக்கவில்லை. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதன்பின் எழுபது ஆண்டுகள் ஆகியும், முடிவெட்ட மறுத்ததற்காகத் தமிழகக் கிராமங்களில் வழக்குப் பதிவான செய்தியை அவ்வப்போது நாளிதழில் படிக்கிறோம்.

இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு மறுமொழி சொல்லப்பட்டிருக்கிறது. சாக்கிய இளவரசர்கள் துறவு பூணப் போனபோது, தங்கள் நாவிதர் உபாலிக்கு முதலில் தீட்சை தருமாறு புத்தரிடம் வேண்டினார்கள். சங்கத்தில் முதலில் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்க வேண்டும். தங்கள் குலச்செருக்கு அப்படியாவது அடங்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். புத்தருக்குப் பின் ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் விநய விதிகளை ஓதியவர் அந்த உபாலியே.

நகரத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்தவற்றில் நாற்காலிக்கும் பங்கு உண்டு. சலூன் வந்தபின் வாடிக்கையாளர் உட்கார, தொழிலாளர் நிமிர்ந்து நின்றார். நெல்லுக்குப் பதில் காசு வந்தது, காசுக்குச் சாதி கேட்கத் தெரியவில்லை. இன்னொன்று ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேஸர். அமெரிக்காவில் 1903ல் விற்பனைக்கு வந்து, முதல் உலகப்போரில் படைவீரர் கைக்குப் போய், பின் உலகெங்கும் பரவியது. தன் தாடையைத் தானே மழிக்கலாம் என்றானபின் அருகில் நிற்பவர் தேவைப்படவில்லை. செவன் ஓ கிளாக், பாரத், டோபாஸ் என்று பிளேடு பெயர்களைச் சொன்னாலே சிலருக்குத் தந்தையின் முகம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த முகங்களில் ஒட்டிய ரத்தம் தோய்ந்த காகிதத் துணுக்குகளும் நினைவுக்கு வரட்டும். பொறுமையாக ஊறவைக்கும் பாடத்தை ரேஸரோடு யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

பெயர் பற்றிய புண் இன்னும் ஆறவில்லை. 2008ல் குசேலன் படத்தில் ஒரு நாவிதரே கதையின் மையம். அதே கதை மறு ஆண்டு இந்தியில் பில்லு பார்பர் என்று வந்தபோது, தொழிலாளர் அமைப்பினரின் எதிர்ப்பால் தலைப்பிலிருந்து பார்பர் நீக்கப்பட்டு வெறும் பில்லு ஆனது. அன்று அதை மிகையான கோபம் என்று எங்களில் சிலரே பேசினோம். தர்ஸ்டனைப் படித்த பிறகு அப்படிப் பேச நா எழவில்லை.

இவ்வளவும் நாம் பின்னர் தேடித் தொகுத்தவை. அன்று காலை நடந்தது வேறு. பெரியவர் துண்டை எடுத்தபோது இளைஞரின் தாடி பணிந்து கிடந்தது. மயிர் படியும் திசையிலேயே சீப்பால் இழுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, வேரிலிருந்து நுனிக்குத் தடவினார். ஓரங்களை மட்டும் கத்தரித்தார். "தினம் குளிச்ச ஈரத்தோடயே செய்யுங்க தம்பி, காயவிட்டுட்டா எண்ணெய் மேலயே நிக்கும்" என்றார். இளைஞர் தலையாட்டிவிட்டு, ஒரு குப்பியும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து நம் முறை. நாற்காலியில் அமர்ந்ததும் பெரியவர் கிண்ணியைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்தார். கண்ணாடியின் மேல் 'செவ்வாய் விடுமுறை' என்று எழுதிய அட்டை, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.