கம்பம் நிற்பது ஸ்டே கம்பியில்

மலர்க் குழுவினர் "உனக்குத் தெரிந்த சரித்திரம் ஏதாவது எழுதப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே சரித்திரம்தான். ஆன்டெனா கம்பங்கள் விழுந்த சரித்திரம்.

நம் ஈ.சி.ஈ. பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்று நாலு போல்ட்டோடு கிடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். நான் படித்த 2005-09 காலத்தில் ஹாம் கிளப்பின் கம்பம் அதன்மேல்தான் நின்றது. ஹாம் என்றால், அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, காசுக்காக இல்லாமல் ஆசைக்காக அலை பரப்புகிறவர்கள். நான் கிளப்பில் சேரக் காரணம் 2004 டிசம்பர். பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் தலைமையில் ஒரு குழு அப்போது போர்ட் பிளேரில் ஸ்டேஷன் போட்டிருந்தது. 26-ந் தேதி சுனாமி. போன் செத்துப்போன நிலையில், அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் பல குடும்பங்களுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்ற சேதி போனது. அதைப் படித்துவிட்டு வந்தவன் நான்.

சரித்திரத்துக்கு வருவோம். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் அனுப்ப ஆசைப்பட்டார். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்டு என்ற இடத்தில் 20 கம்பங்கள், ஒவ்வொன்றும் 200 அடி, வட்டமாக நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்தின் தலையையும் பக்கத்துக் கம்பத்தின் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். தரையில் அடித்த ஸ்டே வட்டத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மட்டும்தான். பக்கவாட்டில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியது! விவியன் என்ற இஞ்சினியர் "இது சரிவராது, ஒன்று போனால் எல்லாம் போகும்" என்றார். யார் கேட்டது? செப்டம்பரில் ஒரு புயல் வந்தது, அவ்வளவும் தரையில். அமெரிக்கக் கரையில் கேப் காடில் அதே டிசைனில் நட்டவை நவம்பரில் விழுந்தன. கடைசியில் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்து போய், பட்டம் விட்டு அதில் 500 அடிக் கம்பியைத் தூக்கி, டிசம்பர் 12-ந் தேதி 'எஸ்' எழுத்தின் மூன்று புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்னார். நிஜமாகவே கேட்டதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். கம்பங்கள் விழுந்ததில் மட்டும் சண்டையே இல்லை.

வீட்டில் எதற்குக் கம்பம்? கணக்கு சுலபம். ஹாம்களுக்குப் பிரியமான 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 21 மீட்டர். ஆன்டெனா குறைந்தது அதில் பாதி உயரத்தில், அதாவது 35 அடிக்குக் கிட்டே இருந்தால்தான் அலை தாழ்வாகக் கிளம்பித் தூரதேசம் போகும். தாழ்வாகக் கட்டினால் பாதி சக்தி நேராக மேலே போய்விடும். ஜப்பானில் செண்டாய் நகரத்தில் உதாவும் யாகியும் 1926-ல் வெளியிட்ட ஆன்டெனாதான் பிற்பாடு நம் வீட்டு மாடிகளில் டி.வி.க்கு நின்றது. எண்பதுகளில் ரூபவாஹினி பிடிக்க பைப்பின்மேல் பைப் ஏற்றி, "இப்ப தெரியுதா?" என்று கத்திய தலைமுறைக்கு யாகியை அறிமுகப்படுத்த வேண்டாம். ஈக்வடாரில் கீட்டோ மலை ஊரில் ஒரு வானொலி நிலையத்தின் யாகி, காற்று மெலிந்த அந்த உயரத்தில், நுனிகளில் தீப்பொறி விட்டு உருகியது. 1942-ல் கிளாரன்ஸ் மூர் நுனியே இல்லாமல் சதுர வளையமாகக் கம்பியை வளைத்து 'குவாட்' செய்தார். எங்கள் சீனியர்கள் அதை மூங்கிலில் கட்டினார்கள். மூங்கில் ஒரு மழைக்காலம் தாங்கும். வார்னிஷ் அடித்தால் இரண்டு.

போல்டு கதையை ஜூனியர்களுக்கு வருஷாவருஷம் போர்டில் படம் போட்டுச் சொன்னவன் நான். வேலைக்குப் போனபின் தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் 40 அடி ஜி.ஐ. பைப் ஏற்றினேன். மூன்று திசை ஸ்டேயில் இரண்டுக்கு இடம் கிடைத்தது. மூன்றாவதுக்குக் காம்பவுண்டில் இடமில்லை. கொல்லையில் தென்னை மரம் இருந்தது. அதில் கட்டிவிட்டேன். படிச்சது ராமாயணம், இடிச்சது பெருமாள் கோயில்.

2016 டிசம்பர் 12, வர்தா. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. இது நமக்குப் பாடத்திலேயே உண்டு. வளைந்து கொடுப்பது தென்னையின் குணம். பைப்புக்கு அது தெரியாது. மரம் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் கம்பத்தைப் பிடித்து இழுத்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுவில் மடங்கி, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரத்தை உடைத்துக்கொண்டு இறங்கியது. அந்த வீட்டுப் பாட்டி தினமும் மத்தியானம் படுக்கும் கயிற்றுக் கட்டில் அங்கேதான் கிடக்கும். அன்றைக்குச் சாரல் அடிக்கிறதென்று ஹாலுக்குள் போயிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பைப்பின் நுனி கட்டில்மேல் இருந்தது.

பாட்டி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏண்டாப்பா, நீ இஞ்சினியர்தானே?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஷீட் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கம்பமே வைக்கவில்லை. 2018-ல் பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தேன். இப்போது மாடியில் 18 அடிதான்; கட்டட உயரத்தோடு சேர்த்தால் 30 அடி வரும். தூரதேசம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அடியில் கீல் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் பத்து நிமிஷத்தில் படுக்க வைக்கலாம். மூன்று ஸ்டேயும் தூண் தலையில் கான்கிரீட்டுக்குள் இறக்கிய கொக்கியில். மரத்தில் இல்லை, கைப்பிடிச் சுவரில் இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைன் எட்டாத இடம். இதை மட்டும் தம்பிகள் முதலில் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஐப்பசி மழைக்கு முன்னால், செப்டம்பரில் ஒரு ஞாயிறு இதற்கென்றே ஒதுக்குகிறேன். ஸ்டே கம்பியில் துரு, கிளாம்ப் நட்டு, முட்டை இன்சுலேட்டர் விரிசல், எர்த் குழியின் இணைப்பு எல்லாம் பார்ப்பேன். டர்ன்பக்கிள் தானாகக் கழன்றுகொள்ளும். அதன் நடுவே ஒரு கட்டுக் கம்பி கோத்துப் பூட்ட வேண்டும். கோஆக்ஸ் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் ஆன்டெனா நன்றாக இருந்தும் பேச்சு போகாது, காரணம் தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பாட்டி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கம் பார்த்தியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போதைய மாணவர்கள் சிலர் கிளப்பை மறுபடி தொடங்கி, அதே பழைய தகட்டில் கம்பம் ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். நாலு போல்ட்டில் இரண்டு கையோடு வந்துவிட்டது. ஆகவே அந்தத் தகடு வேண்டாம், புதிதாகப் போடுங்கள். பைப்பும் புதிது வாங்குங்கள். டர்ன்பக்கிள் ஆறு, முட்டை இன்சுலேட்டர் ஒரு டஜன் என்னிடம் டப்பாவில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஸ்டே கட்டும் நாளன்று மட்டும் கட்டாயம் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சௌகரியம்.