ஒரு கைப்பிடி, ஐந்து நிலையம், இருநூறு வருஷம்

ஷாட்கன் தோட்டா ஒரு தடவை வெடிச்சதும் அதோட கதை முடிஞ்சதுன்னுதான் பொதுவா நினைப்போம். உண்மையில் போறது நாலு சாமான்: கேப்பு, மருந்து, தக்கை, ரவை. கூடு அப்படியே கையில் நிக்கும். அந்தக் கூட்டை எடுத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புற மெஷின்தான் ரீலோடிங் ப்ரெஸ். அமெரிக்காவில் ட்ராப், ஸ்கீட்னு பறக்கிற மண்தட்டைச் சுடுற ஆசாமிகளோட கராஜில் இது ரொம்ப சகஜம். ஒரு பலகை, அதன் மேல் இரும்புத் தூண், மேலே ரெண்டு பாட்டில் (ஒண்ணில் மருந்து, இன்னொண்ணில் ரவை), பக்கத்தில் ஒரு நீளக் கைப்பிடி. அவ்வளவுதான்.

துப்பாக்கின்னதும் மிரண்டுடாதீங்க. இது வேட்டைக் கதை இல்லை, சுத்தமான இன்ஜினியரிங் சரித்திரம்.

சாதாரண ஒற்றைத் தோட்டா ப்ரெஸ்ஸில் ஐந்து நிலையம் இருக்கும். முதல் நிலையத்தில் பழைய கேப்பு வெளியே, கூடு பழைய அளவுக்கு உள்ளே. ரெண்டாவதில் புதுக் கேப்பு. மூணாவதில் மருந்து, தக்கை, ரவை. நாலாவதில் வாய் மடிக்க ஆரம்பம். ஐந்தாவதில் மடிப்பு முடிவு. மேனுவலைத் திறந்தா இந்தத் திருகை அரைச் சுற்று திருப்பு, அந்த நட்டைக் கால் சுற்று இறுக்குன்னு வரிசையா போட்டிருப்பான். அந்தத் திருகு அங்கே ஏன் இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டான். அந்த 'ஏன்' சரித்திரத்தில் இருக்கு.

என் கட்சி இதுதான்: ப்ரெஸ்ஸில் உள்ள பாதித் திருகுகளுக்குப் பின்னாடி ஒரு பழைய மாற்றம் இருக்கு. யாரோ ஒருத்தர் ஒரு பொருளை மாத்தினார், பழசு உடனே ஒழியலை, ரெண்டையும் சமாளிக்க ஒரு திருகு வந்தது. எங்க தொழிலில் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டின்னு தலையில் அடிச்சுக்குவோமே, அதேதான் :-)

முதலில் எல்லாரும் வீட்டில்தான் நிரப்பினாங்க

குழல் வாய் வழியா மருந்து கெட்டிச்ச காலத்தில் ரீலோடிங்னு தனியா ஒரு வார்த்தைக்கே வேலை இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் சுடுறவரே மருந்தைக் கொட்டி, தக்கையை இடிச்சு, ரவையைப் போட்டு, மறுபடி ஒரு தக்கை வைப்பார். 1830களில் பாரிஸில் கசிமிர் லெஃபோஷே குழலை மடக்கித் திறந்து பின்பக்கமா தோட்டா போடுற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதில் கூட்டின் பக்கவாட்டில் ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். 1861-ல் லண்டனில் ஜார்ஜ் டா என்ற துப்பாக்கி வியாபாரி, நடுவில் கேப்பு வைச்ச தோட்டாவைக் கொண்டுவந்தார். பேடண்ட் வழக்கில் அவர் ஈலி கம்பெனியிடம் தோத்துப் போனார். அவருக்குத்தான் நஷ்டம், ஊருக்கு லாபம்: அந்த வடிவத்தை யார் வேணும்னாலும் செய்யலாம்னு ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஷாட்கன் தோட்டாவின் எலும்புக்கூடு அதுதான்.

அந்தத் தோட்டாக்கள் காலிக் கூடாகவும் கடையில் கிடைச்சது. நிரப்புறது வீட்டு வேலை. விக்டோரியா காலத்து நல்ல துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தா உள்ளே பழைய கேப்பைத் தட்டி எடுக்க ஒரு கருவி, மருந்து அளக்க ஒரு குவளை, அப்புறம் மேசை விளிம்பில் இறுக்கிக் கைப்பிடியைச் சுத்தினா காகிதக் கூட்டின் வாயை உள்பக்கமா சுருட்டுற ஒரு சாதனம். நம்ம வீட்டில் மேசையில் மாட்டிச் சுத்துற தேங்காய் துருவியை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதே ஜாடை. இன்னிக்கு இருக்கிற ப்ரெஸ்ஸோட கொள்ளுத்தாத்தா அதுதான்.

கேப்பும் கூட்டின் இடுப்பும்

வெடிக்கும்போது கூட்டின் அடியில் உள்ள உலோகப் பகுதி உப்பி, அந்தத் துப்பாக்கியின் அறை அளவுக்கு வந்துடும். ஒவ்வொரு அறையும் நூலிழை வித்தியாசம். என் துப்பாக்கியில் சுட்ட கூடு உங்க துப்பாக்கியில் உட்காரணும்னா, பொது அளவுக்கு இறுக்கியே ஆகணும். முதல் நிலையம் இருக்கிறது அதுக்குத்தான்.

கேப்பில் வேற ஒரு கூத்து. 1866-ல் அட்லாண்டிக்கின் ரெண்டு பக்கமும் ரெண்டு வடிவம் வந்தது. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் செஞ்சதில், கேப்பு மோதி வெடிக்கிற சின்ன பட்டறைமுனை கூட்டோடவே சேர்ந்திருக்கும். இங்கிலாந்தில் வூல்விச் ஆயுதசாலையின் எட்வர்ட் பாக்ஸர் செஞ்சதில் அது கேப்புக்குள்ளேயே இருக்கும். பாக்ஸர் வகையை ஒரே ஒரு ஊசியால் குத்தித் தள்ளிடலாம். பெர்டன் வகையை எடுக்கிறது பெரிய இம்சை. விதியைப் பாருங்க: வீட்டில் நிரப்புற பழக்கம் உள்ள அமெரிக்கா இங்கிலாந்துக்காரர் வடிவத்தைப் பிடிச்சுக்கிச்சு, ஐரோப்பா பக்கம் அமெரிக்கர் வடிவம் பரவிச்சு. இன்னிக்கு ஷாட்கன்ல பயன்படுற 209 நம்பர் கேப்பும் பட்டறைமுனையை உள்ளேயே வைச்சிருக்கிற ஜாதிதான். முதல் நிலையத்தில் ஒரே இழுப்பில் பழசு விழுறதுக்குக் காரணம் இதுதான்.

மருந்து: இங்கேதான் ஆள் செத்தது

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. கரும்பொடி மருந்தை டிராம் கணக்கில் குவளையால் அளந்தாங்க. ஒரு டிராம்னா அவுன்ஸில் 16-ல் ஒரு பங்கு, சுமார் 27.3 கிரெய்ன். 3 டிராம்னா 82 கிரெய்ன். எடை பார்க்கத் தேவையே இல்லை. குவளையில் மொண்டு, தலையைத் தட்டி, கொட்டிடலாம். ஜனங்க கையில் பல தலைமுறையா ஊறிப்போன பழக்கம்.

புகையில்லா மருந்து வந்தது. 1860களில் ப்ரஷ்ய அதிகாரி ஷுல்ட்ஸ மரத்திலிருந்து செஞ்ச ஒரு மருந்து ஷாட்கனுக்குன்னு பிரபலமாச்சு. இந்த வகையைப் பழைய குவளைக்கே பொருந்துற மாதிரி, இடத்தை அடைச்சுக்கிட்டு எடை குறைவா இருக்கிறபடி செஞ்சாங்க. அதாவது புது சரக்கு, பழைய இன்டர்ஃபேஸ். அமெரிக்காவில் 1893-ல் டூபான்ட் விட்டதும் இதே யோசனைதான், பேரே பல்க் ஸ்மோக்லெஸ். ஆனா நோபல் 1887-ல் கண்டுபிடிச்ச பாலிஸ்டைட் மாதிரி அடர்த்தியான மருந்துகளும் கூடவே சந்தைக்கு வந்தன. அதைப் போய் பழைய டிராம் குவளையால் அளந்தா என்ன ஆகும்? வேண்டியதைவிடப் பல மடங்கு உள்ளே போகும். குழல் பிளக்கும், விரல் போகும், சில நேரம் ஆளே போவார்.

குவளை மேல எந்தத் தப்பும் இல்லை. அளந்தவரும் அப்பா சொல்லிக்கொடுத்தபடியேதான் செஞ்சார். கீழே இருந்த பொருள் மாறிடுச்சு, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தின் தழும்பு இன்னமும் தோட்டாப் பெட்டியின் மேல் இருக்கு. 2¾ டிராம் ஈக்விவலென்ட்னு அச்சடிச்சிருக்கும். உள்ளே அந்த எடைக்கு மருந்து இருக்குன்னு அர்த்தம் இல்லை. கரும்பொடி அத்தனை டிராம் போட்டா என்ன வேகம் வருமோ, கிட்டத்தட்ட அந்த வேகம்னு அர்த்தம். 1⅛ அவுன்ஸ் ரவைக்கு 2¾ டிராம்னா நொடிக்கு 1145 அடி, 3 டிராம்னா 1200 அடி. உள்ளே நிஜமா இருக்கிற மருந்தின் எடை, பழைய கணக்கில் நாலில் ஒரு பங்குதான் வரும். அதனால பெட்டியில் உள்ள டிராம் எண்ணைப் பார்த்து மருந்தை அளந்தா அது தற்கொலைக்குச் சமம்.

ப்ரெஸ்ஸில் இன்னமும் மருந்து கொள்ளளவாதான் விழுது. பாட்டிலுக்குக் கீழே சறுக்குற ஒரு பட்டை, அதில் துளை போட்ட ஒரு சின்ன வளையம். கைப்பிடியை வேகமா அடிச்சா அதிர்வில் மருந்து அமுங்கி கொஞ்சம் கூட விழும், மெதுவா அடிச்சா குறையும். வளையத்தோடு வர்ற அட்டவணையும் தராசும் எப்பவும் ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் வழக்கமான வேகத்தில் அடிச்சு, விழுந்த மருந்தைப் பத்து தடவையாவது எடை போட்டுப் பார்த்துட்டுதான் அடுத்த வேலை. 1890கள் சொல்லிக்கொடுத்த பாடம்: குவளையை நம்பாதே, தராசை நம்பு.

தக்கை, ரவை, மடிப்பு

ரவை விஷயம் சுலபம். 1782-ல் பிரிஸ்டலில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய் வேலைக்காரர், உருகின ஈயத்தைச் சல்லடை வழியா உயரத்திலிருந்து தண்ணியில் விழ விட்டா உருண்டையாகும்னு பேடண்ட் வாங்கினார். அதுக்காகத் தன் வீட்டு மேலேயே கோபுரம் எழுப்பினார் மனுஷன்!

தக்கை அப்படி இல்லை. கம்பளியும் அட்டையும் தக்கையா இருந்தப்போ அதை எவ்வளவு அழுத்தி உட்கார வைக்கிறோம்ங்கிறது வெடியையே மாத்தும். பழைய ப்ரெஸ்களில் தக்கைக்கு அழுத்த அளவுகோல் இருக்கிறது அதனால்தான். 1960களில் ரவையைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கிற பிளாஸ்டிக் தக்கை வந்ததும் அந்த அளவுகோலுக்கு மவுசு போச்சு.

மடிப்புக்கு வருவோம். முன்னாடி ரவை மேல் ஒரு அட்டை வட்டம் வைச்சு வாயைச் சுருட்டுவாங்க. அந்த அட்டை பறக்கிற ரவைக்குக் குறுக்கே போய் நடுவில் ஓட்டை விழ வைக்குதுன்னு புகார். அட்டையே வேணாம்னு வாயை நட்சத்திரமா மடிச்சாங்க. ஆனா சில கூட்டில் ஆறு மடிப்பு, சிலதில் எட்டு. ஆறு மடிப்புப் பழகின கூட்டை எட்டு மடிப்பு அச்சில் கொடுத்தா அலங்கோலமாகும். நாலாவது நிலையத்தில் கழட்டி மாட்டுற அச்சு இருக்கிறது அதுக்கு. 1960-ல் ரெமிங்டன் காகிதத்தை விட்டு பிளாஸ்டிக் கூடு கொண்டுவந்தது, 1965-ல் வின்செஸ்டரின் ஏஏ கூடு வந்தது. காகிதம் சொன்னபடி மடங்கும். பிளாஸ்டிக் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். ஐந்தாவது நிலையத்தின் ஆழத் திருகு இந்த முரண்டுக்குத்தான். ரொம்ப இறக்கினா மடிப்பு குழிஞ்சு அழுத்தம் ஏறும், ஏத்தினா வாய் திறந்து ரவை கொட்டும்.

ஏன் விஸ்கான்சின்?

1880 வாக்கில் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி நிஜப் புறாவுக்குப் பதிலா மண்தட்டைக் கண்டுபிடிச்சார். புறாக்கள் பிழைச்சது, தோட்டாச் செலவு எகிறிச்சு. ஒரு ரவுண்டுக்கு 25 தோட்டா, ஒரு நாளைக்கு நாலு ரவுண்டு சர்வ சாதாரணம். அதே காலத்தில் நிரப்பின தோட்டாவை ஃபாக்டரிகளே விக்க ஆரம்பிச்சு, வீட்டு மேசைக் கருவிகள் பரணுக்குப் போயின.

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வேலை வீட்டுக்குத் திரும்பி வந்தது. விஸ்கான்சினில் மேவில் என்ற சின்ன ஊரில் 1945-ல் ஆரம்பிச்ச மேவில் இன்ஜினியரிங் கம்பெனி (மெக்) 1950களில் ஷாட்கன் ப்ரெஸ் செய்ய இறங்கிச்சு. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார் தூரத்தில் ஹார்ட்ஃபோர்ட். அங்கே 1958-ல் ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிரப்புற ஒரு மலிவான ஷாட்கன் கிட்டை உருவாக்கினார். இரும்பு வேலை தெரிஞ்ச கைகளும் துப்பாக்கி சுடுற வார இறுதிகளும் ஒரே ஊரில் இருந்தா இப்படித்தான் நடக்கும்.

எந்தத் திருகு நம்முது, எது இல்லை

இவ்வளவும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. மடிப்பின் ஆழம், கூட்டின் இறுக்கம், கேப்பு சமமா உட்காருறது: இதெல்லாம் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, சரி பண்ணக்கூடியது. சரித்திரம் இதை நம்ம கையில் விட்டுட்டுப் போயிருக்கு. எந்தக் கூடு, எந்தக் கேப்பு, எந்த மருந்து எத்தனை கிரெய்ன், எந்தத் தக்கை என்ற சேர்க்கை அப்படி இல்லை. 1926-ல் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாக் கம்பெனிகள் சேர்ந்து சாமின்னு ஒரு தர அமைப்பு வைச்சுக்கிட்டாங்க. 2¾ அங்குல 12 போருக்கு அதன் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. வேகத்தை வீட்டில் ஒரு கருவி வைச்சு அளந்துடலாம். அழுத்தத்தை அளக்கணும்னா லேப்தான். 9,000-த்தில் இருக்கிற தோட்டாவும் 14,000-த்தில் இருக்கிற தோட்டாவும் வெளியே பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க. தக்கையை மட்டும் மாத்தினேன், கேப்பை மட்டும் மாத்தினேன்னு சொல்றது, ஒரு லைப்ரரி வெர்ஷனை மட்டும் மாத்தினேன், டெஸ்ட் எதுக்குன்னு கேட்கிற மாதிரி. அங்கே சர்வர் விழும், இங்கே விரல்.

மாற்றம் இன்னும் நிக்கலை. 1991-லிருந்து அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. ஈய ரெசிப்பியில் எஃகு ரவையைப் போட முடியாது, அதுக்குத் தனி மருந்து, தனி தக்கை. 1990களின் கடைசியில் அந்தப் பழைய ஏஏ கூடே ஒற்றை வார்ப்பிலிருந்து ரெண்டு துண்டா மாறிச்சு. பேர் அதே, உள்ளே வேற. குவளையோட கதை திரும்பவும்.

காசு மிச்சமா? சாதாரண 12 போர் தோட்டாவில் இப்போ பெரிய மிச்சம் இல்லை. 2020-லிருந்து கேப்புக்கு வந்த தட்டுப்பாடும் விலையும் பழைய கணக்கைக் கவுத்திடுச்சு. கடையில் விலை கூடின 28 போர், .410 சுடுறவங்களுக்கு இன்னமும் கட்டுபடியாகும். எதை நிரப்பினாலும், திருகில் கை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது எந்த மாற்றத்துக்காக வந்த திருகு?

கொசுறு: 12 போர்னா என்ன 12? குழல் விட்டத்துக்குச் சரியா பொருந்துற ஈய உருண்டைகள் 12 சேர்ந்தா ஒரு பவுண்டு. 20 போர்னா 20 உருண்டை. எண் ஏற ஏற ஓட்டை சின்னது. .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது அங்குலத்தில் விட்டம். இருநூறு வருஷமாச்சு, இன்னும் யாரும் இதை ஒரே யூனிட்டுக்குக் கொண்டுவரலை :-)