திரையில் இரக்கம், திரைக்குப் பின்னால் கொலை



1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று பெர்லின் நகரில் ஒரு திரைப்படம் வெளியானது. பெயர் 'நான் குற்றம் சாட்டுகிறேன்'. இயக்கியவர் வொல்ஃப்காங் லீபனைனர். அதன் கதை நம்மையும் அழவைக்கும். ஹன்னா என்ற இளம்பெண் அழகாகப் பியானோ வாசிப்பவள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் அவளை முடக்குகிறது. தன் வாழ்வை முடித்துவிடும்படி கெஞ்சுகிறாள். நண்பரான மருத்துவர் மறுக்கிறார். மருத்துவப் பேராசிரியரான கணவரோ நஞ்சு கொடுக்கிறார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அவர், இரக்கத்துக்கு இடம் தராத சட்டத்தையே குற்றம் சாட்டுகிறார். நாஜி அரசின் ஆதரவோடு வந்த இப்படத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன? 1940 முதல் மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் காப்பகங்களிலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் சென்று, ஹாடமார் உள்ளிட்ட ஆறு இடங்களில் நச்சுவாயுவால் கொன்றார்கள். 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஹன்னா மரணத்தைக் கேட்டாள். இவர்களிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை. பொய்க் காரணம் எழுதிய கடிதம்தான் வீடு வந்து சேர்ந்தது. இந்தக் கொலைகளை மக்கள் ஏற்கும்படி செய்யவே ஹன்னாவின் கண்ணீர் பயன்பட்டது.

படம் வெளியாவதற்கு 26 நாள்களுக்கு முன், ஆகஸ்ட் 3 ஞாயிறன்று, மூன்ஸ்டர் நகரின் புனித லம்பெர்ட் ஆலயத்தில் ஆயர் கிளமென்ஸ் ஆகஸ்ட் வான் காலன் இக்கொலைகளைப் பீடத்திலிருந்தே வெளிப்படையாகக் கண்டித்தார். பயனற்றவர்களைக் கொல்லலாம் என்றால், முதுமையில் நம் கதி என்ன, போரில் ஊனமுற்றுத் திரும்பும் வீரர்களின் கதி என்ன என்று கேட்டார். அந்த மறையுரையை மக்கள் இரகசியமாகப் படியெடுத்துப் பரப்பினார்கள். மூன்று வாரங்களில் ஹிட்லர் அந்த நச்சுவாயுத் திட்டத்தை நிறுத்த ஆணையிட்டார். ஆயினும் மருந்தாலும் பட்டினியாலும் கொலைகள் போர் முடியும்வரை தொடர்ந்தன. ஆயர் காலன் 2005இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இன்று சில நாடுகளில், நோயாளி தானே விரும்பிக் கேட்டால் மருத்துவர் உதவலாம் எனச் சட்டம் இருக்கிறது. அதையும் ஹாடமாரையும் ஒன்றென்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: அவர் ஏன் சாவைக் கேட்கிறார்? வலி தாங்காமலா, பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டோம் என்ற வேதனையாலா? கேள்வி நம் ஊருக்கும் உரியதுதான். தலைக்கூத்தல் என்ற கொடுமையைக் காட்டித் தேசிய விருது பெற்ற தமிழ்ப் படத்தின் பெயரே 'பாரம்'.

எப்பாடுபட்டாவது மூச்சை நீட்டிக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. அளவுக்கு மீறிய சிகிச்சையைத் தொடரக் கடமையில்லை என்றும், வலியைத் தணிப்பதே நோக்கமானால், ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும் அதற்கான மருந்தைக் கொடுக்கலாம் என்றும் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இலேயே போதித்தார். கொல்வது மட்டும் கூடாது.

நம் அன்பியங்களில் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியும். இந்த வாரம் அவர்களில் ஒருவர் பக்கத்தில் அரைமணி நேரம் அமர்வோம். தாம் யாருக்கும் பாரமில்லை என்பதை அவர் நம் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.