கோவளம்: கம்பெனிக்காரங்க ஆசைப்பட்ட கடற்கரை

கோவளம்னு சொன்னாலே பாதிப் பேர் மனசுக்குள்ள திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறிடறாங்க. நான் சொல்றது அது இல்லீங்க, நம்ம கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் வட்டம். பழைய இங்கிலீஷ் ஏடுகளில் 'கவ்லாங்' என்று வரும்.

இந்த ஊரைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு சொகுசுக் கப்பல். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினாரே, கார்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', அதேதான். அது புதுக் கப்பல் இல்லை. 1990-ல் பிரான்சில் கட்டி, 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காக மியாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூணு நாள், நாலு நாள் டிரிப் அடித்துக் கொண்டிருந்த கப்பல். அந்த டிரிப்பில் ஒரு நாள் 'கோகோகே' என்ற குட்டித் தீவுக்கு. அந்தத் தீவு கப்பல் கம்பெனியின் கையில் இருப்பது.

இந்தத் தனித்தீவு சமாச்சாரம் 1977-ல் ஆரம்பித்தது. நார்வீஜியன் குரூஸ் லைன் பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை வாங்கியது. காலையில் கப்பல் வரும். ஜனங்கள் இறங்குவார்கள். குடை, சாய்வு நாற்காலி எல்லாம் கம்பெனியுடையது. மதியச் சாப்பாடும் கம்பெனியுடையது. சாயங்காலம் சங்கு ஊதினதும் கப்பலுக்குத் திரும்பிடணும். வியாபாரக் கணக்கு ரொம்ப எளிசு. ஊர்த் துறைமுகத்தில் இறக்கிவிட்டால் பயணி ஊர்க்காரன் கடையில் காசு செலவழிப்பான். சொந்தத் தீவில் இறக்கினால் அந்தக் காசும் நம்ம கல்லாவுக்கே வரும்.

ஹைத்தியில் லபாடி என்று ஒரு இடம். அது தீவுகூட இல்லை. நிலத்தோடு ஒட்டிய முனைதான், வேலி போட்டு ராயல் கரீபியன் குத்தகைக்கு எடுத்தது. 2010 ஜனவரி 12-ல் ஹைத்தியில் பெரும் நிலநடுக்கம். மூணாம் நாள் கப்பல் வழக்கம்போல அங்கே போய் நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டு போனார்கள், பயணிகளும் கடலில் குளித்தார்கள். இது தகுமா என்று உலகம் முழுக்க அப்போது பேச்சு.

சரி, இதுக்கும் கோவளத்துக்கும் என்ன சம்பந்தம்? கரையில் ஒரு துண்டைக் கம்பெனி தனக்கென்று வளைத்துக் கொள்வது பஹாமாஸில் பிறந்த யோசனை இல்லை. நம்ம ஊரில் முன்னூறு வருஷத்துக்கு முந்தியே பார்த்தாச்சு!

முதல் ஆள், ஆஸ்டெண்ட் கம்பெனி. டச்சு, பிரெஞ்சு, டேனிஷ் கம்பெனிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இவங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்றைய பெல்ஜியம் அன்றைக்கு ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசர் கையில். அங்கே இருக்கும் துறைமுகம்தான் ஆஸ்டெண்ட். 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் இந்தக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். வங்காளத்தில் பாங்கிபஜார், இங்கே கோவளம் என்று இரண்டு இடத்தில் காலூன்றினார்கள். வடக்கே சென்னையில் இங்கிலீஷ்காரன், தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன், நடுவில் இந்தப் புது ஆள். ரெண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல்.

சண்டை போட்டு விரட்டினார்களா என்றால், இல்லை. ஐரோப்பாவில் உட்கார்ந்து பேசியே முடித்துவிட்டார்கள். பேரரசருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கவலை அவருக்கு. இங்கிலாந்தும் ஹாலந்தும் ஒப்புக்கொள்ளக் கேட்ட விலைகளில் ஒன்று, இந்தக் கம்பெனியை மூடு என்பது. 1727-ல் தற்காலிக நிறுத்தம், 1731 வியன்னா ஒப்பந்தத்தில் ஒரேயடியாக மூடல். ஒரு பொண்ணு சிம்மாசனம் ஏறணும்னு கோவளத்துக் கம்பெனி கடையைக் கட்டியது!

அடுத்து ஆற்காடு நவாப் அன்வருதீன். 1740களில் ஆஸ்டெண்ட்காரர்களின் இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே கடலோரமாக ஒரு கோட்டை கட்டினார். பெயர் சாதத் பந்தர். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் இறந்து போனார். அடுத்த வருஷம் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே சுவாரசியமான கட்டம்.

1750 தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளம் கடலில் நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. கோட்டையிலிருந்து போய்ப் பார்த்தவர்களிடம், "ஸ்கர்வி நோயில் பெரும்பாலான ஆளுங்க செத்துட்டாங்க, மிச்சம் இருக்கிறவங்களைக் கரையில் இறக்கலைன்னா கப்பலே போயிடும்" என்று புலம்பினார்கள். இரக்கப்பட்டு அனுமதி கொடுத்தார்கள். மெலிந்து நோயாளி மாதிரித் தெரிந்த சுமார் முப்பது பேர் இறங்கினார்கள். எல்லார் துணிக்குள்ளும் ஆயுதம். ராத்திரி எழுந்து காவலை மடக்கினார்கள், கோட்டை பிரெஞ்சுக்காரன் வசமானது. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இந்தக் கதை இருக்கிறது.

கப்பலிலிருந்து பயணிகளை இறக்கிவிடுகிறோம் என்று யாராவது கேட்டால் நம்ம கரையோரத்துக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பது நியாயம்தான் போல :-) 2022 ஜூனில் அதே 'எம்ப்ரஸ்' புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, பயணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. அப்படியே திரும்பியது.

பிரெஞ்சுக்காரனிடமும் கோட்டை ரெண்டு வருஷம்தான். 1752 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் வந்தார். கையில் இருந்தது லண்டன் தெருக்களில் பொறுக்கியெடுத்த 200 புது ஆட்கள், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். கோட்டையிலிருந்து குண்டு பாய்ந்து ஒருவன் விழுந்ததும் மிச்சப் பேர் ஓட்டம். ஒருத்தனை மறுநாள் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்களாம். கிளைவ் எப்படியோ அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். கோட்டைத் தளபதி சரணடையப் போட்ட நிபந்தனை, என் சொந்தச் சாமான்களை எடுத்துப் போக விடணும் என்பது. சாமான் என்ன தெரியுமா? வான்கோழிகளும் மூக்குப்பொடியும்! மனுஷன் அதில்தான் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கோட்டையில் கிடைத்த பீரங்கிகளில் பல, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது எடுத்துப் போனவை.

கோவளத்தைக் காப்பாற்றச் செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து படை வந்தது. அது விழுந்துவிட்ட சேதி அவர்களுக்குத் தெரியாது. கிளைவ் மறைந்திருந்து அடித்தார். அந்தச் சூட்டோடு செங்கல்பட்டுக் கோட்டையும் போனது. பாலாற்றுக்கு வடக்கே பிரெஞ்சு பலம் ஒடிந்தது இப்படித்தான். கோவளம் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எனக்கு இல்லாட்டியும் பரவாயில்லை, உனக்கும் இருக்கக் கூடாது. கம்பெனிப் புத்தி!

அந்த இடிபாட்டின் மேல்தான் 1974-ல் தாஜ் குழுமம் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' ஓட்டலைத் திறந்தது. 'டச்சுக் கோட்டை' என்று சுற்றுலாப் பிரசுரங்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஆனால் பழைய கெசட்டியரைப் புரட்டினால் ஆஸ்டெண்ட்காரர்களும் நவாபும்தான் வருகிறார்கள். டச்சுக் கோட்டை பார்க்கணும்னா சதுரங்கப்பட்டினம் போங்க. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு.

இத்தனை பேர் வந்து போனார்களே, இந்தக் கடற்கரை நிஜத்தில் யாருடையது?

மீனவர்களைக் கேட்டால் கடற்கரை 'இடம்' இல்லை, வேலை செய்யும் களம் என்பார்கள். படகு ஏற்றணும், வலை காயணும், கருவாடு உலரணும். இதுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததுதான் ஆபத்தே. காகிதம் வைத்திருப்பவன் வந்ததும் புழங்கி வந்தவன் ஒதுங்க வேண்டி வரும்.

நல்லவேளை, இதுக்குச் சட்டத்தில் பதில் இருக்கு. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் கெடுக்காமல் வையுங்கள் என்று. அது 1991 பிப்ரவரி 19-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. அதில் ஒரு விதி, ரெண்டு கடற்கரை ஓட்டல்களுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டராவது வழி விடணும் என்கிறது. 2011-லும் 2019-லும் அறிவிக்கை மாறி, சில இடங்களில் கட்டட வரம்பு தளர்ந்தும் போனது. ஆனாலும் அலை வந்து போகும் ஈர மணல் பொதுச் சொத்து என்ற அடிப்படை மாறவில்லை. 'பிரைவேட் பீச்' என்று விளம்பரத்தில் போடலாம். சட்டத்தில் அப்படி ஒரு சாதியே கிடையாது.

பஹாமாஸ் தீவுக்கும் நம்ம கரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே டிக்கெட் இல்லாதவன் மணலை மிதிக்க முடியாது. கோவளத்தில் தர்காவுக்கு வந்த குடும்பமும், மாதா கோயிலுக்கு வந்த கூட்டமும், அலைச்சறுக்குப் பலகை தூக்கி வரும் பிள்ளைகளும், ஃபைபர் படகைத் தள்ளும் மீனவரும் ஒரே மணலில்தான் நடக்கிறார்கள். 2021-ல் அதே கரைக்கு நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. சுத்தமா இருக்கணும்னா வேலி போட்டுத் தனியார்கிட்ட கொடுக்கணும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

ஆனா ஒண்ணு. புழங்காத வழி அடைபட்டுப் போகும், இது வயல் வரப்புக்கும் பொருந்தும், கடற்கரைச் சந்துக்கும் பொருந்தும். அடுத்த தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது ரெண்டு மதிலுக்கு நடுவே மணல் சந்து ஏதாவது கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி கடல் வரைக்கும் நடந்துட்டு வாங்க.

டிஸ்கி: அந்த மாதிரி சந்துகள் எங்கெங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. பட்டியல் போட்டு வைப்போம்.