கேரி தீவும் கிள்ளான் கரையும்: இஸ்லாத்துக்கு முந்தைய காலம்

கேரி தீவு சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது. சதுப்புக் காட்டை வெட்டி, மண்கரை எழுப்பி, வாய்க்கால் தோண்டி, முதலில் பால்மரமும் பின்னர் செம்பனையும் நட்ட பூமி இது. தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வேலண்டைன் ஜான் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி. பெயருக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். தீவைச் சுற்றியுள்ள கரையில் மனிதர் புழங்கிய வரலாறோ சில ஆயிரம் ஆண்டுகள் பின்னே போகிறது. அதைச் சொல்ல இங்கே கோபுரமோ கல்வெட்டோ கிடையாது. சேற்றிலிருந்து வந்த ஓடுகளும் வெண்கலமும்தான் சாட்சி.

சாட்சிகள் பெரும்பாலும் தற்செயலாக வெளிப்பட்டவை. டெங்கில் அருகே ஜெண்டெராம் ஹிலிரில் ஈயலம்பத்துக்காக மண்ணைக் கிளறியபோது, மூன்று கால்களில் நிற்கும் பானைகளின் துண்டுகள் கிடைத்தன. உட்குழிவான கூம்புக் கால்கள். தாய்லாந்தின் பான் காவ் பகுதியில் கிடைத்தவற்றோடு நெருங்கிய ஒற்றுமை உள்ளவை. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோங் சாவ் ஹெங் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். இவை ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்காலப் பொருள்கள். வெள்ளீயம் தேடிய சுரங்கம்தான் அவற்றை வெளியே கொண்டுவந்தது. அதே சுரங்கம் மண் அடுக்குகளையும் கலைத்துப் போட்டது. எது எந்த ஆழத்தில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி போன மாதிரிதான்.

1964இல் பந்திங் பக்கம், கம்போங் சுங்கை லாங்கில் ஒரு மண்மேட்டுக்குள் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. அகழாய்வு செய்தவர் தொல்லியலாளர் பீக்காக். முரசுகள் ஒரு மரப்பலகை மீது வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பலகையைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில் கி.மு. முதல் ஆயிரம் ஆண்டுகளின் நடுப்பகுதியைச் சுட்டும் காலம் வந்தது. பலகைக்கு வெட்டிய மரம் பழையதாகவும் இருக்கலாம் என்பதால், முரசுகளை அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில் வைப்போரும் உண்டு.

முரசு என்றதும் தோல் போர்த்தியது நம் நினைவுக்கு வரும். இது முழுக்க உலோகம். மேல்தட்டின் நடுவில் நட்சத்திரம், அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோலங்கள். இடுப்பு ஒடுங்கி, அடிப்பகுதி விரிந்திருக்கும். இவ்வகை முரசுகளுக்குப் பெயர் தந்தது வட வியட்நாமின் தோங்சோன் என்ற ஊர். அங்கே 1924இல், பிரெஞ்சு ஆட்சியில், அகழாய்வு தொடங்கியது. தீபகற்பத்தில் பகாங்கின் தெம்பெலிங்கிலும் கோலத் திரெங்கானுவிலும் கிள்ளானிலும் இவை கிடைத்துள்ளன. கிழக்கே இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருக்கின்றன.

இவ்வளவு விலையுயர்ந்த பொருள் ஏன் இந்தச் சதுப்புக்கு வந்தது? வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் இறங்கிவரும் மலையடிவாரம் ஈயத்துக்குப் பெயர் போனது. 1857இல் கோலாலம்பூரை உருவாக்கியதும் அதே ஈயம்தான். பண்டைய வணிகரும் அதைத் தேடியே ஆற்றுமுகத்துக்கு வந்திருப்பர் என்பது வலுவான ஊகம். கிள்ளானில் கிடைத்த வெண்கல மணி ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல் முழுக்கச் சுருள் கோலங்கள் கொண்ட இதைப் போன்ற மணிகள் ஜொகூரின் மூவாரிலும் கம்போடியாவின் பத்தம்பாங்கிலும் கிடைத்தன. மலாய்க்காரர்கள் 'துலாங் மாவாஸ்', அதாவது குரங்கெலும்பு, என்று அழைத்த பழைய இரும்புக் கருவிகளும் கிள்ளான் பகுதியில் கிடைத்தன. வெண்கலத்தையும் இரும்பையும் சேர்த்துப் பார்த்து, கிள்ளானையும் தெம்பெலிங்கையும் பற்றி ஆய்வாளர் லைனஹன் 1951இல் கட்டுரை எழுதினார்.

குடியேற்ற ஆட்சிக்கால அறிஞர் பலர் தென்கிழக்காசியாவின் பழமையை இந்தியா வந்து தந்த நாகரிகமாகவே எழுதினர். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை 1930களில் தோண்டிய குவாரிட்ச் வேல்ஸும் அந்த நோக்கில்தான் பார்த்தார். கிள்ளான் முரசுகள் அந்தக் கதையைக் கொஞ்சம் கலைக்கின்றன. பூஜாங்கின் கோயில்கள் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்கு வடக்கோடு கடல்வழித் தொடர்பு இருந்தது.

தமிழர் பங்கு இதனால் குறைந்துவிடாது. தெற்குத் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல்லில் தமிழ் பிராமி எழுத்து உண்டு, காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. 1025இல் முதலாம் இராஜேந்திரனின் கடற்படை கடாரத்தை, அதாவது கெடாவை, தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதன் ஊர்ப்பட்டியலில் கிள்ளான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க பெயர் கிடையாது. கடாரத்தைப் பேசும் மேடைகள் கிள்ளானிலும் ஏராளம். பந்திங் முரசைப் பேசும் மேடையைக் காண்பதுதான் அரிது.

தீவின் மூத்த குடிகள் மா மெரி மக்கள். ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஸ்கீட்டும் பிளாக்டனும் 1906இல் இவர்களை 'பெசிசி' என்று பதிவு செய்தனர். இவர்கள் மொழிக்கு மலாய் உறவில்லை. மோன், கெமர் மொழிகளே தூரத்துச் சொந்தம். சுங்கை பும்புன் கிராமத்தில் 'நீரே பத்து' என்ற சதுப்புக்காட்டு மரத்தைச் செதுக்கி, 'மோயாங்' எனப்படும் மூதாதையர் ஆவிகளுக்கு உருவம் தருகிறார்கள். முரசைப் புதைத்தவர்கள் இவர்களுடைய முன்னோர்தான் என்று சொல்லச் சான்றில்லை.

எழுத்தில் கிள்ளான் தாமதமாகத்தான் வருகிறது. 1365இல் ஜாவாவின் மஜாபாகித் அரசவையில் எழுந்த நாகரகிருதாகமம் என்ற காவியம் கெலாங் என்ற பெயரைச் சொல்கிறது. அதற்குள் இஸ்லாம் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை எட்டிவிட்டது. திரெங்கானுக் கல்வெட்டின் ஆண்டாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1303. அடுத்த நூற்றாண்டில் கிள்ளான் மலாக்கா சுல்தானகத்தின் கீழ் வந்தது. சயாம் படையெடுத்தபோது கிள்ளான் தலைவர் துன் பேராக் தம் ஆட்களை மனைவி மக்களோடு மலாக்காவுக்கு அழைத்துப் போனதாக மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்கிறது. குடும்பம் பக்கத்தில் இருந்தால் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவார்களாம்.