காஞ்சிபுரம் தறிகளும் விடுதலைப் பாடமும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் இரு கரைகளும் வேறொரு நிறத்திலும் நெய்யப்பட்டு, இழைக்கு இழை ஒன்றோடொன்று பிணைக்கப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் தனியாக மூன்றையும் கையாள்வது கடினம். பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் தேவை. நீண்ட காலம் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ உட்கார்ந்திருந்தனர்.

சொந்தப் பிள்ளை என்றால் அது வீட்டு வேலை. பிறர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் நிலை வேறு. பெற்றோர் முன்பணம் வாங்குவர். நோய், திருமணம், மழைக்காலம் என்று கடன் கூடும். அது தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, கர்நாடகம், உத்தரப் பிரதேசத்துடன் காஞ்சிபுரத்திலும் இந்த நிலையைப் பதிவு செய்தது. (சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த ஆசிரியர்கள், வராத மாணவர்களைப் பற்றி அன்று பேசியதில்லை.)

இவ்வூருக்குக் கிறித்தவக் கல்வி முன்பே வந்துவிட்டது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் கிளை அமைந்தது. ஆண்டர்சன் பெயரில் இன்றும் இங்கு மேல்நிலைப் பள்ளி உள்ளது. 1838இல் சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் சேர்ந்தபோது, அவர்களை நீக்குமாறு உயர்சாதிப் பெற்றோர் கேட்டனர். அவர் மறுத்தார்; பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். 1841இல் மாணவர்கள் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது வகுப்புகள் மீண்டும் காலியாயின. மனச்சான்றின் விடுதலை என்று மிஷன் கருதியதை, பிள்ளையைப் பறிகொடுத்ததாகக் குடும்பங்கள் கருதின. இரு தரப்பின் வேதனையும் உண்மையானதே. ஆனால் சாதி பாராத அந்தப் பெஞ்சும், பள்ளிக்கே வர முடியாத தறிப் பிள்ளைக்கு எட்டவில்லை.

ஞாயிறு பள்ளிகளில் விடுதலை என்றால் பாவத்திலிருந்து விடுதலை என்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. அது தவறன்று; போதாது என்பதே என் கருத்து. விவிலியத்தில் விடுதலையின் முதல் பெருங்கதை செங்கல் அறுத்த அடிமைகளுடையது. உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளச் சொல்கிறது. விடுவிக்கப்படும் அடிமையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஆடும் தானியமும் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரியும். வெளியே வந்தவன் மறுநாள் என்ன சாப்பிடுவான் என்பதுதான் அவன் கேட்கும் முதல் கேள்வி.

இந்தியச் சட்டமும் அதே இரண்டு படிகளில் செல்கிறது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையே ரத்து செய்கிறது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. 2016இல் திருத்தப்பட்ட மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய் உதவித்தொகை உண்டு. முழுத்தொகை பெரும்பாலும் வழக்கில் தண்டனை கிடைப்பதைப் பொறுத்தே வருகிறது. உடனே கிடைப்பது சிறு பகுதிதான்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் நாளிதழ்களில் வந்தது. பெரியவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளுக்கு அதோடு பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் வேண்டும்.